தெரியாது என்று பென்சிலில்

வியாழன், காலை எட்டரை.
அரூர் தாலுகா ஆபீஸ் பின்புறம்
மழைமானியில் பதினொன்று புள்ளி நான்கு.
குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து
நீரின் நடுக்குழிவைப் படிக்க வேண்டும்.
ஓரத்தைப் படித்தால் அது கூட்டிச் சொல்லும்.

இது அரூரில் பெய்த மழை.
சித்தேரி மலைக்கு மானி கிடையாது.
அங்கே எவ்வளவு கொட்டியது என்பதை
சாயங்காலம் ஓடையின் நிறம்தான் சொல்லும்.

நடந்து ஏறுகிறவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.
பைக்கில் போகிறவர்கள் வேறு யாரையாவது கேளுங்கள்.

இன்று மதியம் இரண்டுக்குள் நொச்சிக்குழி சேர்ந்துவிடுங்கள்.
காற்று கிழக்கே திரும்பியிருக்கிறது.
முகட்டில் மேகம் எருமை மாதிரி படுத்துக் கிடக்கிறது.
எழுந்தால் மழை,
எழாவிட்டால் மூட்டம்,
இரண்டுக்கும் டார்ச் வேண்டும்.

நர்ஸ் அமுதவல்லிக்கு:
உங்கள் தடுப்பூசிப் பெட்டிக்கு வெயில் ஆகாது,
உங்களுக்கு மழை ஆகாது.
வெள்ளி காலை இரண்டு பேருக்கும் ஒத்துவரும்.
வானம் மூடியிருக்கும், பெய்யாது.
பெய்யாது என்றுதான் நினைக்கிறேன்.

தீர்த்தன்,
வெள்ளி ராத்திரி இடி உண்டு.
யார் போன் பண்ணினாலும் கம்பத்தில் ஏறாதே.
ஒரு ராத்திரி இருட்டில் கிடந்தால் ஊர் கெட்டுப்போகாது.

சூசைநாதன் சார்,
சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம்.
வழுக்குப்பாறையில் பாசி கட்டியிருக்கும்.
உங்கள் செருப்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ‘தெளிவு’ என்று எழுதினேன்.
போன வருஷம், புரட்டாசி இருபத்து மூன்று.
சாட்டிலைட் படத்தில் ஜில்லா முழுக்க
ஒரு வெள்ளைத் துணுக்குகூட இல்லை.
தபால்காரர் முனிரத்தினம்
இருபத்தாறு பேருடைய பென்ஷன் பணத்தோடு ஏறினார்.
மூன்று மணிக்கு
மேகம் மலைக்குள்ளேயே பிறந்தது.
எங்கிருந்தும் வரவில்லை,
அதனால் வழியில் யாரும் பார்க்கவில்லை.

ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு பாறைப் பொந்தில்
விடியும்வரை குந்தியிருந்தார்,
பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு.
தண்ணீர் வடிந்ததும் மேலே போய்
முப்பத்தோராயிரத்து இருநூறையும்
சாமை காயப்போடும் பாறையில் பரப்பி,
காற்றுக்கு ஒவ்வொரு நோட்டின் மேலும்
ஒரு கூழாங்கல் வைத்து,
காயக் காயப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தாராம்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அடுத்த வியாழன் எட்டரைக்கு
மானியின் பக்கத்தில் வந்து நின்று
“இன்னிக்கு எவ்ளோ சார்?” என்றார்.
பூஜ்யம்.
“அதையும் எழுதுவீங்களா?”
எழுதுவோம், பெய்யாத நாளுக்கும் கட்டம் உண்டு என்றேன்.
சொல்லிக்கொண்டே பதிவேட்டைப் பார்த்தேன்,
தெரியாத நாளுக்கு
அதில் கட்டம் இல்லை.

அன்றிலிருந்து ஓரத்தில் ஒரு கோடு போட்டு
பென்சிலால் எழுதிவருகிறேன்.
தாசில்தார் ஒருமுறை பார்த்துவிட்டு
இது என்ன காலம் என்று கேட்டார்.
மலைக்காலம் சார் என்றேன். நகர்ந்துவிட்டார்.

ஆகவே,
சனி: முற்பகல் நன்றாக இருக்கும். பிற்பகல் தெரியாது.
ஞாயிறு: தெரியாது.
திங்கள்: சாமை அறுக்கிறவர்கள் அறுக்கிறார்களா என்று பாருங்கள்.
அவர்கள் அறுத்தால் நீங்கள் நடக்கலாம்.

மேலே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்.
சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே வளைவில் நின்று
ஓடையைப் பார்த்து எனக்கு மிஸ்டு கால் கொடுங்கள்.
டீ நிறம் என்றால் ஒன்று.
செங்கல் நிறம் என்றால் இரண்டு.
காசு செலவில்லை.

இப்போது மணி நாலு பத்து.
ஜன்னலில் மலை இல்லை, மேகம்தான் இருக்கிறது.
போன் ஒருமுறை அடித்து நின்றது.
முனிரத்தினம் நம்பர்.

கையில் எடுத்து வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்,
இன்னொரு தரம் அடிக்கிறதா என்று.