செவ்வாய்க்கிழமைப் பட்டியல்

பொதுச் சமையலறைக் கதவில் தொங்கும் பட்டியலில்
என் பெயரின் மேல் நானே ஒரு கோடு இழுத்தேன்.
பென்சில் கோடுதான்.
இருள்வதற்குள் இருபத்திரண்டு வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது.
ரோஸ்கில்டேவுக்கு வெளியே, டிசம்பரில்,
மூன்றரை மணிக்கே இருண்டுவிடும்.

இங்கே எந்த வீட்டுக்கும் வேலி இல்லை.
ஒரே புல்வெட்டி. ஒரே ஏணி.
சமையலறைச் சன்னல்கள் எல்லாம் பொதுப்பாதையைப் பார்த்தபடி.
விளையாடும் பிள்ளைகள்
யாராவது ஒருவர் கண்ணில் படட்டும் என்று
முதலில் குடிவந்தவர்கள் கூடிப் பேசி வைத்த சன்னல்கள்.
அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன்.
அப்போது என் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது அதே சன்னலில்
நான் நின்றபடி முட்டை தின்பதை
போகிற வருகிற எல்லோரும் பார்க்கிறார்கள்.
எப்பே கையசைக்கிறார்.
வாய் நிறைய மஞ்சள் கருவோடு நானும் அசைக்கிறேன்.

ஞாயிறு கூட்டத்தில் ஆறாவது விஷயம்:
செவ்வாய் இரவு உணவு, பொதுவாக.
பொதுவாக என்றால் நான்.
யாருக்கும் கட்டாயமில்லை என்றார் டோர்பென்.
இல்லைதான் என்றாள் போடில்,
ஆனாலும் எத்தனை உருளைக்கிழங்கு வேகவைப்பது
என்று தெரிய வேண்டாமா?
பிறகு அரை மணி நேரம்
உருளைக்கிழங்கைப் பற்றியே பேசினோம்.
ஒருவர் வாயிலும் என் பெயர் வரவில்லை.
ஓர் ஆளை இத்தனை மரியாதையாகச்
சுற்றிப்போக முடியும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம்:
உங்களைப் பிடிக்காமல் இல்லை,
வாரத்தில் ஒரு நாளாவது
எப்படிப் போனது என்று யாருக்கும் சொல்லாமல்
அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றுதான்.
சொல்லியிருந்தால் புரிந்துகொண்டு தலையாட்டியிருப்பார்கள்.
அந்தத் தலையாட்டலுக்குத்தான் பயந்தேன்.

திரைச்சீலை வாங்கினேன். சாம்பல் நிறம், கனத்த துணி.
மாட்ட ஏணி வேண்டும்.
ஏணி பொதுக் கொட்டகையில். எடுப்பவர் எழுத வேண்டும்.
எழுதினேன்:
மெரெட்டே, பதினான்காம் எண், திரைச்சீலை மாட்ட.
அழைக்காமலே வந்து
ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டாள் போடில்.
இடப்பக்கம் தூக்கியிருக்கிறது என்றாள்.
தூக்கித்தான் இருந்தது.
இருக்கட்டும் என்றேன்.

பிப்ரவரியில் காய்ச்சல்.
மூன்று நாள், ஒருவரும் கதவைத் தட்டவில்லை.
நான் கேட்டதும் அதைத்தான்.
கேட்டது கிடைத்த பிறகு யாரோடு சண்டை போடுவது?
பொதுக்கூடத்தில் நாற்காலிகள் இழுபடுவதை
படுத்தபடி எண்ணினேன்.
முப்பது வரை எண்ணலாம்,
அதன்பின் எல்லாம் ஒரே ஓசை.
அதில் ஒன்று குறைந்தது யார் காதில் விழும்?
என் காதில் விழுந்தது.

எழுந்து நடமாடிய அன்று
கோழிக்கூண்டருகே போடில்.
வாளியில் மசித்த உருளைக்கிழங்கு.
உன்னுடையது என்றாள்.
வாரா வாரம் மூன்று. குறைக்கவே இல்லை.
அலகால் கொத்தி இழுத்தன கோழிகள்,
பத்து வாரமாக என் பங்கைத் தின்று கொழுத்தவை.

முதலில் கோபம்தான் வந்தது.
நான் இழுத்த கோடு
இவர்கள் கண்ணுக்குக் கோடாகவே படவில்லையா?
பிறகு வேறொன்றும் வந்தது.
அதற்குப் பெயர் வைக்க அவசரமில்லை.

இந்தச் செவ்வாய் தாமதமாகப் போனேன்.
கதவோரத்து நாற்காலி.
யாரும் நகர்ந்து இடம் விடவில்லை,
யாரும் வா என்று எழவில்லை,
எப்பே உப்பைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.
பட்டியலில் அந்தக் கோட்டை அழிக்கவில்லை.
போட்டிருந்த கோட்டைக் கழற்றவும் இல்லை.

வீடு திரும்பும்போது பாதையிலிருந்து பார்த்தேன்:
தூக்கிக்கொண்ட திரையின் கீழ் மூலையில்
ஒரு கையகல வெளிச்சம்,
பனியில் விழுந்து கிடந்தது.
சரிசெய்ய ஏணி எடுக்க வேண்டும்.
பெயர் எழுத வேண்டும்.
அடுத்த வாரம் பார்க்கலாம்.