இடது முழங்கால்

துவாஸில், மண் கொட்டிக்
கடலைத் தள்ளிவைத்த இடத்தில்
எங்கள் சலவைக்கூடம்.
ஊரில் இந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு.
வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் கூப்பிடுவார்கள்.
இங்கே என் அட்டையில்
"ஆடைத் தூய்மை ஆய்வாளர், நிலை இரண்டு."
தொலைபேசியில் அம்மா
இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.
பெருமைக்கா, புரியாமலா,
நான் கேட்கவில்லை.

வரும் துணியில் அழுக்கே இருக்காது.
முதலில் அதுதான் குழப்பியது.
கழுத்து வெள்ளை, கை வெள்ளை,
யாரோ ஒருவரின் பன்னிரண்டு மணி நேரம்
லேசான வியர்வை வாடையாக மட்டும்.
"கண்ணுக்குத் தெரிந்தால் அது அழுக்கில்லை, விபத்து"
என்பான் ஹைரில், சலவைப் பொறியில் அங்கிகளைத் திணித்தபடி.

பென்சில் கூடாது. சாதாரணக் காகிதம் கூடாது.
பவுடர், கண்மை, பூ, திருநீறு கூடாது.
புகைத்துவிட்டு வந்தால்
தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும்,
மூச்சிலும் துகள் இருக்கிறதாம்.
பயிற்சி நாளில் திரையில் காட்டினார்கள்:
சும்மா இருக்கும் மனிதன்
நிமிடத்துக்கு ஒரு லட்சம் துகள் உதிர்க்கிறான்,
நடந்தால் ஐம்பது லட்சம்.
எந்த மனிதன் என்று அந்தப் படம் சொல்லவில்லை.
மேலாளர் க்வெக் உதிர்கிறார்.
அவர் கதவு திறந்துவிடும் வாடிக்கையாளரும் உதிர்கிறார்.
தீட்டு என்ற சொல் அப்போது நினைவுக்கு வந்தது.
முகக்கவசத்துக்குள் சிரித்தேன்,
சிரித்தாலும் உதிரும் என்பது
அடுத்த படத்தில் இருந்தது.

அங்கிகளைச் சோதிக்க
நானும் ஓர் அங்கிக்குள்.
ஒளிமேசையில் விரித்தால்
கட்டம் கட்டமாகக் கரியிழைகள்,
நிலைமின்னைத் தரைக்கு இறக்க.
கட்டங்களுக்கு நடுவே
வெளிச்சம் ஊசியாய்க் குத்தினால் ஓட்டை.

எண் 2081. நடுத்தர அளவு. உட்லண்ட்ஸ் ஆலை.
இடது முழங்கால் மட்டும் தேய்ந்து வரும்.
மூன்று வருடத்தில் ஐந்து அங்கி, ஐந்திலும் இடது.
தொழுகையோ என்றேன்.
"அதுன்னா ரெண்டும் தேயும், அதுவும் அங்கிக்குள்ள யாரு தொழுவா"
என்று நொராய்னி என் ஊகத்தை மடித்து வைத்தாள்.
அப்படியானால் ஏதோ ஓர் இயந்திரத்தின் அடியில்,
இடது காலை மடக்கி, வலது பாதம் ஊன்றி,
எழுந்துவிடப் போகிறவரைப் போல
தினமும் ஒருவர்.
ஒருமுறை தலையுறைக்குள் ஒரு முடி.
விதிப்படி எழுதினேன்:
இழை, ஒன்று.
நிறம் என்ற கட்டத்தில், நரை.

ஒட்டுப் போடுவதா கழிப்பதா என்ற இடத்தில்
இரண்டு தரம் ஒட்டுப் போட்டேன்.
அளவுக்குள்தான். அளவின் ஓரத்தில்.

அக்டோபரில் 2081 சிறிய அளவில் வந்தது.
முழங்கால்கள் இரண்டும் புதிதாக.
வலது கைப்பட்டி மட்டும் கொஞ்சம் நூல் பிரிந்து,
வேறு யாரோ, வேறு ஏதோ மேசை.
பட்டைக்கோட்டை வருடினால்
திரையில் ஒரே சொல்: மறுஒதுக்கீடு.
ஓய்வா, ஆட்குறைப்பா, வேறா,
கணினிக்கு அதற்குக் கட்டம் இல்லை.

பழைய அங்கி கழிவுக்கூடையில் கிடந்தது.
கழித்ததை மறுபடி யாரும் போடாதபடி
வெட்டிவிட வேண்டும், தூய அறைக்கு வெளியே,
ஏனென்றால் வெட்டும்போதுதான்
துணி அதிகம் உதிர்கிறது.
வழக்கமாக முதுகில் ஒரு கோடு இழுப்பேன்.
அன்றைக்கு முழங்காலைச் சுற்றிக்கொண்டு போனது கத்தரி.
ஹைரில் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

காலை ஏழு மணி. நிறுவனப் பேருந்து
இயந்திரம் அணைக்காமல் நின்றது.
செருப்பு வார் அறுந்துவிட்டது.
மாட்டிக்கொள்ளக் குனிந்தவள்
எந்த முழங்கால் தரையில் என்று பார்த்தேன்.
வலது.