வாங்கு

சம்பவம் இவ்வளவுதான்.
இறக்காமத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை.
வெளியே கிடந்த முதிரை வாங்கு
பின்னேரம் இருந்தது, இரவு இல்லை.
கடைசியாக அதில் இருந்தவர் உதுமாங்கண்டு.
பொலிசில் அவர் சொன்னது நாலே சொல்:
"வாங்கு கேட்டன். எழும்பிப் போனன்."

கொஸ்தாப்பல் விமலசூரிய உகனைக்காரர்.
தமிழ் கொஞ்சம் வரும் என்பதுதான் பிசகு.
அறவே வராதென்றால் என்னைக் கூப்பிட்டிருப்பார்.
வாங்கு அவருக்குத் தெரிந்த சாமான்,
அவர் வீட்டிலும் கிடக்கிறது, பங்குவ என்ற பேரில்,
இரண்டும் ஒரே கப்பலில் வந்திறங்கியவை.
சந்தோஷமாக எழுதிவிட்டார்:
வாங்கைக் கேட்டேன். எழுந்து போனேன்.
இப்போது அது
களவை ஒப்புக்கொண்ட மாதிரி வாசிக்கும்.

அம்பாறை நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர்.
காரைதீவிலிருந்து ஆறே முக்கால் பஸ்.
வழியில் கல்ஓயா என்று ஒரு பலகை;
பதினொரு வருஷமாக அதை
ஓயாத கல் என்றே படித்துவருகிறேன்.
அவர்களுக்கு ஓயா என்றால் ஆறு.
கல் மட்டும் இரண்டு பேருக்கும் கல்.

அவர்களுக்கு மல்லி தம்பி.
எனக்கு ரசத்துக்குப் போடுவது.
பொடி மல்லியைக் காணவில்லை என்று
முன்பொருநாள் ஒருத்தி கூண்டில் நின்று அழுதாள்.
கடைசித் தம்பி. பத்தொன்பது வயது.
முதல் நொடி என் மூக்கில் வந்தது
அரைத்த வாசம்.
அந்த நொடியை எந்தப் பதிவிலும்
நான் எழுதவில்லை.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.
கேட்டாரா, இல்லையா?
கேட்டார் ஐயா, காதால்.
எங்களிடம் காதுக்கும் வாய்க்கும் ஒரே வினை.
அப்போ வாங்கு?
அது மூன்று, ஐயா.

ஒன்று பறங்கியோடு நாலு காலில் கரையேறியது.
ஒன்றுக்குக் காலே இல்லை;
பாரசீகத்தில் வெறும் சத்தமாக இருந்து
எத்தனை வாய் மாறியோ
இங்கே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஏறிக்கொண்டது.
மூன்றாவது எங்கும் போகாதது.
கடைக்காரரின் முறைப்பாட்டிலேயே நிற்கிறது, பாருங்கள்:
வாங்கு வாங்கினது நாலாயிரத்து ஐந்நூறுக்கு.

சிங்களத்தில் இதைச் சொல்ல
மூன்று தனித்தனிச் சொல் வேண்டியிருந்தது.
எடுத்து வைத்தேன். ஒன்றோடொன்று ஒட்டவில்லை.
பகிடி செத்துப்போய்
உண்மை மட்டும் மேசையில் கிடந்தது.
முத்திரைக்காரி ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

கதையாக இருந்தால்
அந்த நேரம் பார்த்து வெளியே வாங்கு சொல்லியிருப்பார்கள்.
உதுமாங்கண்டு தன்பாட்டில் எழும்பியிருப்பார்.
எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.
நானும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நின்றேன்.
மின்விசிறி மட்டும் கேட்டது.
ளுஹருக்கு இன்னும் இருபது நிமிஷம்.
தவணை, அடுத்த மாதம் பதினேழு.

கூண்டை விட்டு இறங்கும்போது கேட்டார்:
"என்ன பிள்ள, நான் தொழப் போனது குற்றமா?"
இல்லை காக்கா,
சொன்னதுதான்.

விறாந்தையில் ஒரு வாங்கு, ஒரு கால் கட்டை.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
விமலசூரிய அதில் இருந்தார்.
என்னைக் கண்டதும் முகம் கறுத்தது,
பிறகு ஓர் ஆள் அளவு ஒதுங்கி
பக்கத்துப் பலகையைத் தட்டி
"என்ன" என்றார்.
அவருடைய பாஷையில் அது, வாங்கோ.
"என்ன?" என்றேன், தெரிந்துகொண்டே.
மறுபடியும் தட்டினார்.

இருந்தேன்.
ஆடியது.