பாதி டேங்க்

மூன்றாவது முறையும் அலைக்கும் மணலுக்கும் நடுவே
நின்றுபோனது டிராக்டர்.
பின்னால் கயிற்றில் ஜெரால்டின் ஃபைபர் படகு,
படகுக்குள் ஐந்து கூடை கவலை
(மீனைத்தான் சொல்கிறேன்),
அதற்கும் பின்னால் கடல், அவசரமே இல்லாமல்.

ஃபில்டரைக் கழற்றி ஊதினால்
வாயெல்லாம் செம்மண் ருசி.
"எவனோ தண்ணி ஊத்தியிருக்கான்."
எவன் என்று யாரும் கேட்கவில்லை.
போன ஆடியில் பங்குக் கணக்கில் சண்டை போட்டு
விலகிப்போனவன் ஒருத்தன்தானே,
தேசிங்கு.
அன்றைக்கே ஏலத்தில் அவன் மீனுக்கு
எங்கள் பக்கமிருந்து குரல் நின்றது.
என் குரலும்தான்.
கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது,
அதனால் இதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டேங்கை இறக்கினோம்.
நாலு போல்ட்டில் இரண்டு திரும்பின,
ஒன்று உடைந்தது,
ஒன்றை ஹாக்சா பிளேடால் அறுத்தான் முனீர்.
புதுப்பேட்டையில் பதினாலு வருஷம்
லாரிகளின் வயிற்றைக் கழுவியவன்.
தன் பீடியைத் தூர எறிந்துவிட்டு
எங்களை எறியச் சொன்னான்.
வேட்டித் துணியில் வடித்த டீசல் கேனுக்குப் போனது.
அடியில் நின்றது தனியாக வந்தது:
ஆறிப்போன டீ நிறத்தில் தண்ணீர்,
அதில் செதில் செதிலாகத் துரு.

ஒரு சொட்டை நாக்கில் வைத்தான். துப்பினான்.
"உப்பு இல்ல. இது கடல் தண்ணி இல்ல."
கையை உள்ளே விட்டு மேல்பக்கம் தடவினான்.
டீசல் எட்டும் உயரம் வரை ஓரளவு வழவழப்பு,
அதற்கு மேலே முழுக்கச் சொறி.
"டேங்க்க என்னிக்காவது ஃபுல் பண்ணியிருக்கீங்களா?"

தெரிந்திருந்தும் நோட்டைப் புரட்டினேன்.
இருநூறு. இருநூற்றைம்பது. இருநூறு.
அவனவன் படகு கரையேறும் அளவுக்குத்தான் ஊற்றுவான்,
மிச்சம் நின்றால்
அடுத்தவன் படகு ஓசியில் ஏறிவிடுமே.
பதினொரு பேர், ஏழு வருஷம்,
காலியான பாதியைத்தான் பொதுவில் வைத்திருந்தோம்.
பகலில் அது கொதித்தது.
ராத்திரி வேர்த்தது.
வேர்வை இறங்கி அடியில் தங்கியது.
அந்தத் தண்ணீரை ஒருத்தரும் ஊற்றவில்லை.
அல்லது.

உள்ளே போட்டுக் குலுக்கச் சங்கிலி வேண்டுமாம்,
நாலு மீட்டர், மெல்லிசாக.
கரையில் அப்படி ஒன்று
தேசிங்கின் நங்கூரத்தில்தான் கிடந்தது.
எல்லோரும் என் நோட்டைப் பார்த்தார்கள்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.
"எதுக்கு?"
சொன்னேன். உப்பு இல்லாததையும் சொன்னேன்.
சங்கிலியைக் கழற்றி மணலில் போட்டான்.
"கழுவிக் குடுங்க. டீசல் நாத்தத்துக்கு
மீன் கிட்ட வராது."

சங்கிலி, இரண்டு கை நட்டு, ஒரு கேன் வினிகர்
எல்லாம் உள்ளே போட்டு வாயை இறுக்கி,
ஜாக்கியில் தூக்கிய பின்சக்கரத்தில்
டேங்கைக் கயிற்றால் கட்டினார்கள்.
ஸ்டியரிங்கில் தொங்கிய தண்ணீர் கேனிலிருந்து
டீசலை உறிஞ்சி ஓடியபடி
தன் வயிற்றைத் தானே உருட்டிக்கொண்டிருந்தது டிராக்டர்
சாயங்காலம் வரைக்கும்.
எண்ணூர் ரோட்டுக் கன்டெய்னர் லாரிகளையும் மீறிக்
கேட்டது அந்தக் கடகடப்பு.
தேசிங்குக்கும் கேட்டிருக்கும்.

சோடாக்காரம் போட்டு அலசி,
ரெஜினா பார்லர் ஹேர் டிரையரில் உலர்த்தி,
இருட்டியதும் உள்ளே டார்ச்சை விட்டு மூடினோம்.
வெளியே இருந்து பார்த்துப் பார்த்துத் தெரியாத ஓட்டை
மூன்று இடத்தில் ஒளிர்ந்தது.
மறுநாள் ஈயம் வைத்தான் முனீர்.

செவ்வாய்க்கிழமை கழுத்து வரை ஊற்றினோம்,
நாற்பத்திரண்டு லிட்டர்.
பத்துப் பேர் தலைக்கு முந்நூற்றைம்பது போட்டும்
முந்நூற்றுச் சொச்சம் குறைந்தது.
நோட்டில் பதினோராவது பெயரின் மேல் ஒரு கோடு,
நான் ஸ்கேல் வைத்து அடித்தது.

சங்கிலிக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.
இன்னும் லேசாக நாறுகிறது.
எடுத்துக்கொண்டு போகிறேன்.