இடப்பக்கம் அடித்த பின்

நாற்பத்தெட்டுப் பக்கம்.
பதினோரு மாத ராத்திரி.
ஜெல் பேனா மட்டும் இருபத்தாறு.

பிரிசில்லா, மின்வாரிய ஒயர்மேன்
(அந்த வேலைக்கு வேறு பெயர் இல்லை),
புயலன்று எண்ணூரில் கம்பம் ஏறுகிறாள்.
கண்ணே முகத்தில் பாதி.
மழையை ஸ்கேல் வைத்து இழுத்தேன்,
சடசடவைக் கொட்டை எழுத்தில்.
அமைதிக்குத்தான் சத்தம் கிடைக்கவில்லை.
ஜப்பானில் அதற்கும் ஒரு சொல் உண்டாம்.
திருவல்லிக்கேணியில், இரண்டு மணிக்கு,
தண்ணீர் லாரி போன பிறகு
காது கொடுத்துக் கேட்டேன்.
ஙொய்.
அதையே எழுதினேன்.

மாங்கா என்றால் முறைப்படி மாங்கா:
கட்டமெல்லாம் வலமிருந்து இடம்.
ஜெராக்ஸ் கடை இர்ஃபான் என்ன கண்டான்,
முப்பது பிரதிக்கும்
இடப்பக்கம் பின் அடித்துவிட்டான்.

"உருது மாதிரின்னு ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாம்ல?"

நான் வாய் திறக்குமுன்
நின்றபடியே புரட்ட ஆரம்பித்தான்.
முதலில் வெள்ளைத் துணி.
அப்புறம் மின்னல்.
அப்புறம் அவள் எழுந்து
கம்பத்திலிருந்து படிப்படியாய் இறங்கி
முட்டியளவுத் தண்ணீரில் வீடு போய்
மகளுக்கு ஒற்றைச் சடை பின்னிவிட்டு
கடைசிப் பக்கத்தில், நின்றுகொண்டே,
டீ குடிக்கிறாள்.

"நல்லவேளை, பொழச்சிட்டா" என்றான்.
பக்கத்துக்கு எழுபது பைசா.
பின் பிடுங்கியை நீட்டினான்.

ஒரே ஒரு பிரதியில் மட்டும்
பின்னைக் கழற்றி வலப்பக்கம் அடித்துக்கொண்டேன்.
அது விற்பனைக்கு இல்லை.