மடை திறக்கும் தேதி

ஒப்பந்தம் இரவு இரண்டு பதினொன்றுக்கு வந்தது.
முருகன்குறிச்சியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்,
கரண்ட் போய் இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்த நேரம்.
பதினெட்டுப் பக்கம்.
எப்சிபா ஏழாம் பிரிவில் விரலை வைத்து நிறுத்தினாள்:
வெளியான நாள் தொட்டுப் பன்னிரண்டு மாதம்
வேறு எந்தக் கடையிலும்
விற்கவோ, விற்கப்போவதாகச் சொல்லவோ கூடாது.

'சொல்லவோ' என்பதை
அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

நாங்கள் செய்த ஆட்டத்தின் பெயர் மடை.
ஆறு ஒன்று, கால்வாய் ஏழு,
ஆடுகிறவர் கையில் ஒரே ஒரு சாவி.
ஒரு பலகையைத் தூக்கினால் மற்ற ஆறும் தானாக இறங்கும்.
எந்த வயல் காயட்டும் என்பதுதான் விளையாட்டு.
மூன்று வருஷம்.
பாளையங்கால்வாயின் நிறத்துக்காக மட்டும்
ஒரு சித்திரை முழுக்க எப்சிபா பாலத்தில் நின்றாள்.
ஆகாயத்தாமரையின் அந்தப் பச்சை
எப்படிக் கலந்தாலும் பிளாஸ்டிக்காகவே வந்தது.

பழைய கடையில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள்
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
விருப்பப் பட்டியலில் ஒரு சொடுக்கு, காசில்லாத சொடுக்கு,
ஆனாலும் ஆள்.
புதிய கடையிடம் இருந்தது பணம்.
இருபத்திரண்டு லட்சம், முன்பணம், திருப்பித் தர வேண்டாம்.
எங்களுக்கு ஒன்பது மாத வாடகை பாக்கி.
டயர்க் கடைக்காரர் படியேறி வருவதை நிறுத்திவிட்டார்.
அவர் வந்துகொண்டிருந்ததைவிட அது மோசம்.

காலையில் பைபாஸ் ஓரம் ஆவுடையப்பன் கடையில் டீ.
ஒரு கம்பெனி அவருக்குக் குளிர்பெட்டி ஓசியாய்க் கொடுத்திருக்கிறது,
சிவப்பு, ஆளுயரம்,
உள்ளே அவர்கள் பாட்டில் மட்டும்தான் நிற்க வேண்டும்.
மாதம் ஒருமுறை ஒரு பையன் வந்து
கதவைத் திறந்து போட்டோ எடுத்துப் போவான்.
உள்ளூர்ப் பன்னீர் சோடா பெஞ்சுக்கு அடியில்
ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். கேட்டால் வரும்.
"பெட்டிக்குள்ள தான வே வைக்கக் கூடாதுங்கான்,
சாக்குக்குள்ள வைக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கள் பதினெட்டுப் பக்கத்தில்
சாக்கு எங்கே என்று தேடினேன்.
சாக்கையும் எழுதியிருந்தார்கள். பதினோராம் பிரிவு.

கையெழுத்துப் போட்டோம்.
விரலால், கண்ணாடியில், கோணலாய்.

செய்தி வெளியான அன்று மேலப்பாளையத்திலிருந்து
செய்யது மசூது போன் போட்டான்.
ஒன்பது கம்ப்யூட்டரை மணிக்கு நாற்பது ரூபாய்க்கு விடுகிறவன்.
இரண்டு வருஷமாக எங்கள் அரைகுறை ஆட்டத்தை
அவன் கடைப் பிள்ளைகள்தான் ஆடி உடைத்தார்கள்.
தண்ணீர் மேட்டுக்கு ஏறியதைக் கண்டுபிடித்தது
ஏழாம் வகுப்பு ரிபாயி.
"நூத்தி நாப்பது கேம் ஒரு கடைல கெடக்கு வே.
இப்ப ஒனக்காவ இன்னொரு கடை, இன்னொரு பாஸ்வேர்டு.
அவனுவ ரெண்டு பேரும் சண்டை போடுதானுவன்னா
நடுவுல எங்கள எதுக்கு நிறுத்துதீய?"
பதில் இருந்தது. வாடகை என்கிற ஒரே வார்த்தை.
வாய்க்கு வரவில்லை.
வைத்துவிட்டான்.

அன்றிரவே முந்நூறு பேர் பட்டியலிலிருந்து இறங்கினார்கள்.
ஒருவர் துரோகி என்று எழுதிவிட்டுப் போனார்.
டயர்க் கடைக்காரர் எண்ணி வாங்கிக்கொண்டு
சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

எப்சிபாவிடமும் சொல்லாமல் ஒரு வரி நிரல் எழுதினேன்:
முழுக்க இறங்கிய பலகையிலும்
நிமிஷத்துக்கு ஒரு சொட்டு கசியும்.
வயல் நனையப் போதாது.
மண் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான்.

ஆட்டம் வெளியான மார்கழி ராத்திரி
மசூது மறுபடி கூப்பிட்டான்.
"ஒன்பதுலயும் ஏத்தியாச்சு. பாஸ்வேர்டு என்னன்னு கேளு."
கேட்டேன்.
"மடையன் பன்னெண்டு.
பிள்ளையளுக்கு மறக்காதுல்லா."
அவன் சிரிப்புக்குப் பின்னால்
ரிபாயி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான்:
"ஏல, இங்க பாருல,
மூடுன மடைல ஒழுகுதுல!"