எண்பத்திரண்டைத் தாண்டாமல்

முதல் ராத்திரி தொண்ணூற்றேழு காட்டியது.
தொண்ணூற்றேழு என்றால்
மேலே டீ போடலாம்.
அதற்குமேல் ப்ராசஸர் தன் உயிருக்குப் பயந்து
தானே காலைப் பின்வைக்கும்.
நாற்பது மணி நேரக் கணக்கு
தொண்ணூறாக நீளும்; அல்லது
அதிகாலை மூன்றுக்குத் திரை கறுத்து, விசிறி அடங்கி
அறைக்குள் திடீரென்று கடல் கேட்கும்.

தண்டையார்பேட்டை. மொட்டைமாடியில் ஒற்றை அறை,
மேலே ஆஸ்பெஸ்டாஸ்.
கத்திரி தொடங்கிப் பத்தாம் நாள்.
பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பெட்டிக்கு
நான் கொடுத்திருக்கும் வேலை இது:
அனல்மின் நிலையம் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு
வெளியே விடும் தண்ணீர்
கழிமுகத்தில் எதுவரை சூடாகவே போகிறது?

சிரிப்பு வராமலில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
தூசு என்று எழுதினால் பொய்.
கொடியில் போட்ட துணியில் ஒட்டுமே
அதே சாம்பல்,
ஹீட்சிங்க்கின் பல்லிடுக்கில் கம்பளியாகப் பின்னிக் கிடந்தது.
பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம்.
விசிறியைச் சுற்றவிடாமல்
சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு ஊதினேன்.
சுற்றவிட்டு ஊதினால் பேரிங் போகும் என்பது
ஒரு பேரிங்கைக் கொன்ற பிறகு தெரிந்தது.
பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது.
சுரண்டித் துடைத்துப் புதியது வைத்தேன், ஒரு பட்டாணி.
அதிகம் வைத்தால் அதுவே போர்வை.

எண்பத்தொன்பது.

கீழ்வீட்டு மரியசெல்வி ஏறிவந்து பார்த்தாள்.
"இன்னாக்கா, மிசினுக்கு ஜுரமா?
காசிமேட்டுல எங்க வூட்டாளு ஐஸ் ஏத்துறாரு,
ஒரு பார் கொணாரச் சொல்லவா?"
வேண்டாம் என்றேன். குளிர்ந்த இரும்பு வியர்க்கும்;
அந்த வியர்வை போர்டில் ஒரு சொட்டு விழுந்தால்
ஜுரம் மொத்தமாகத் தீர்ந்துவிடும்.
அவளுக்கு வருத்தம்தான்.
டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனாள்.
அவள் வீட்டில் இருப்பதே இரண்டு.

பிறகு செய்தது எனக்குப் பிடிக்காத வேலை:
கேட்பதைக் குறைத்தேன்.
எட்டு கோரில் ஆறு போதும்.
வோல்டேஜில் ஒரு சிட்டிகை கம்மி.
உச்ச வேகத்துக்குப் பூட்டு.
எண்பத்திரண்டைத் தொட்டால் நில், மூச்சு விடு, பிறகு போ
என்று பத்து வரியில் ஒரு காவல்காரனை எழுதி உட்காரவைத்தேன்.
அரை மணிக்கொருமுறை
அதுவரை கண்டதை வட்டில் இறக்கிவைக்கச் சொன்னேன்.
பகல் ஒன்றரைக்குக் கடல்காற்று ஏறும்வரை
நான்கே கோர்.

மூன்றாம் இரவு கரன்ட் போனது.
தெரு முழுக்க ஒரே குரலில் "ச்சே" என்றது.
நான் இழந்தது பதினேழு நிமிடம்.

ஆனால் பெட்டி குளிர்ந்ததே தவிர
சூடு எங்கும் ஒழிந்துவிடவில்லை.
என் அறைக்குக் குடிவந்திருந்தது.
பாயைச் சுருட்டிக்கொண்டு
தண்ணீர்த் தொட்டியோரம் போய்ப் படுத்தேன்.
வடக்கே புகைபோக்கியின் சிவப்பு விளக்குகள்
அணைந்து அணைந்து எரிந்தன.
அங்கேயும் யாரோ ஒருவர்
ஏதோ ஓர் எண்ணைத் தாண்டவிடாமல் விழித்திருப்பார்.
அவர் தாண்டவிடாத சூடுதான்
என் பெட்டிக்குள் சிவப்புப் புள்ளிகளாக
ஊர்ந்துகொண்டிருந்தது.

அறுபத்தோராம் மணி நேரத்தில் முடிந்தது.
கழிமுகத்தின் படம். நடுவே
நாக்கு நீட்டினாற்போல் ஒரு சிவப்பு.
இறால் தடவப் போகிற தேசிங்கு வந்து பார்த்தார்.
நாக்கின் நுனியில் விரலை வைத்தார்.
"இங்கதான் கால் வெச்சா சுடும்."
தெரியுமென்றால் எனக்கு எதற்கண்ணே இந்தப் பாடு என்றேன்.
"என் காலை வெட்டி மனுவுல பின் அடிக்கவா?
பிரின்ட் போடு. கலர்ல போடு."

அவர் இறங்கிப் போன பிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
வேலை முடிந்தது அதற்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும்.
அறுபது. ஐம்பத்து நான்கு.
டேபிள் ஃபேனை மட்டும் அணைத்துத் தூக்கிக்கொண்டேன்.
மரியசெல்வி காலையிலேயே கேட்டிருந்தாள்,
குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.